மரத்தில் உள்ள கார்பனை வானத்திலிருந்து கணக்கிடுவது: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025-இல் இரண்டு செயற்கைக்கோள்கள் மேலே போயின. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் பயோமாஸ் ஏப்ரல் 29-ஆம் தேதி, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் ஜூலை 30-ஆம் தேதி. இரண்டுமே காட்டையும் மரத்தையும் ரேடார் கொண்டு பார்க்கக்கூடியவை. அதற்கப்புறம் குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் விவசாயிகளும், நாகர்கோவில் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகளும் இதைப் பற்றிக் கேட்பது கூடிவிட்டது. பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். விளக்கம் தேவைப்படும் இடத்தில் நீளமாகவே எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

செயற்கைக்கோள் மரத்துக்குள் இருக்கும் கார்பனைப் பார்க்கிறதா?

இல்லை. மரத்துக்குள் எத்தனை கிலோ கார்பன் என்று பார்க்கிற கருவி எந்தச் செயற்கைக்கோளிலும் கிடையாது. ஒன்று இலையின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பதிவு செய்கிறது, இன்னொன்று ரேடார் அலையை அனுப்பி அது கிளையிலும் தடியிலும் பட்டு எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கிறது, மற்றொன்று லேசர் அடித்து மரத்தின் உயரத்தைச் சொல்கிறது. அவ்வளவுதான். கார்பன் என்ற எண், இவற்றோடு தரையில் அளந்த மரங்களின் கணக்கைச் சேர்த்து நாம் பெறுகிற ஒரு மதிப்பீடு. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லக் காரணம், “சேட்டிலைட்டே சொல்லிவிட்டது” என்று யாராவது ஒரு எண்ணைக் கொண்டுவந்து நீட்டினால் தரையில் எங்கே, எத்தனை மரம் அளந்தீர்கள் என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும்.

சரி, டன் கணக்கு தரையில் எப்படி வருகிறது?

டேப்பிலிருந்து. நிஜமாகவே தையல்காரர் வைத்திருக்கும் அந்த டேப் போதும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சளவில், மரத்தின் சுற்றளவை எடுக்க வேண்டும். ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை, ஏறக்குறைய அதே உயரத்தில் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வந்தால்தானே பால் வெட்டத் தொடங்குகிறோம். சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். அதோடு உயரத்தையும் மரத்தின் அடர்த்தியையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டால் தரைக்கு மேல் உள்ள உலர்ந்த எடை கிடைக்கும். வெப்பமண்டல மரங்களுக்கு 2014-இல் வெளியான ஒரு பொதுச் சூத்திரம் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது: அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் மூன்றையும் பெருக்கி, அதை 0.976 அடுக்குக்கு உயர்த்தி, 0.0673-ஆல் பெருக்க வேண்டும்.

ஒரு மரத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். சுற்றளவு 90 சென்டிமீட்டர், உயரம் 18 மீட்டர், அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.6 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த எடை சுமார் 480 கிலோ வரும். அதில் ஏறக்குறைய பாதி, கணக்குக்கு 0.47 பங்கு, கார்பன். ஆக 225 கிலோ. கார்பன் ஒரு கிலோ என்றால் கார்பன் டை ஆக்சைடாக 3.67 கிலோ, ஆகவே அந்த ஒரு மரம் சுமார் 825 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமானதை உள்ளே வைத்திருக்கிறது.

இப்போது அதே மரத்தில் டேப்பைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்து 95 என்று எழுதிவிட்டால்? எடை 530-க்கு மேல் போய்விடும். 5 சென்டிமீட்டர் பிசகினால் 11 சதவீதம் கூடுகிறது. உயரத்தை 18-க்குப் பதில் 20 என்று கண்மதிப்பாக எழுதினாலும் கிட்டத்தட்ட அதே அளவு பிசகு. வானத்தில் கோடிக்கணக்கில் செலவு செய்து ஒரு கருவியைச் சுற்ற விடுகிறோம், கடைசியில் அதன் கணக்கு சரியா தவறா என்பது மழையில் நனைந்த மரத்தடியில் ஒருவர் டேப்பை இறுக்கிப் பிடித்தாரா என்பதில் போய் நிற்கிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த விஷயமும் இதுதான், ரொம்பக் கவலை தருவதும் இதுதான்.

இன்னொன்று, ஒரு மரத்தின் எண்ணை ஏக்கருக்கு இத்தனை மரம் என்று நட்ட கணக்கால் பெருக்கிவிடாதீர்கள். காற்றில் விழுந்தது, பிங்க் நோயில் பட்டுப்போனது என்று பழைய தோட்டத்தில் நட்டதைவிடக் குறைவாகவே நிற்கும். நிற்பதை எண்ணுங்கள்.

படத்தில் பச்சை கூடியிருக்கிறது. கார்பன் கூடியிருக்கிறது என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. இதுதான் நான் பார்த்ததில் அதிகமாக நடக்கும் தப்பு, கல்லூரி ஆய்வுகளிலும் நடக்கிறது.

இலைப் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது, இலையின் உள்கட்டமைப்பு கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. இந்த இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து வருவதுதான் என்டிவிஐ. இலை எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்பதற்கு இது அருமையான அளவு. ஆனால் கார்பன் பெரும்பாலும் இருப்பது இலையில் இல்லை, தடியில். தேரூர் பக்கம் கும்பப்பூ நெல் நன்றாகத் தூர்கட்டி நிற்கும்போது அதன் என்டிவிஐ கீரிப்பாறைக்கு மேலே உள்ள அடர்காட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டும் ஒரே பச்சை. ஒன்று சில மாதத்தில் அறுவடையாகிப் போய்விடும், இன்னொன்று பல தலைமுறையாகத் தடியில் சேர்ந்தது.

தேரோட்டத்தன்று மழை பெய்தால் மேலிருந்து பார்ப்பவருக்குக் குடைகள்தான் தெரியும், குடைக்குக் கீழே ஒருவர் நிற்கிறாரா மூன்று பேர் நிற்கிறார்களா என்று தெரியாது. மரத்தின் மேல்மூடாக்கு ஒருமுறை நிறைந்துவிட்டால் அப்புறம் தடி எவ்வளவு பெருத்தாலும் என்டிவிஐ ஏறாது. 10 வயது ரப்பரும் 22 வயது ரப்பரும் அதில் ஒன்றுபோலவே தெரியும்.

பிப்ரவரி படத்தில் எங்கள் ரப்பர் தோட்டமெல்லாம் அழிந்த மாதிரி தெரிகிறதே, ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் நம் மாவட்டம் வேறு மாவட்டங்களிலிருந்து மாறுபடுகிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கி நவம்பர், டிசம்பர் வரை மலையோரத்தில் மேகம் விலகுவதே அரிது. வெளிச்சத்தை வைத்துப் படமெடுக்கும் லேண்ட்சாட், சென்டினல்-2 போன்றவற்றால் மேகத்தைத் தாண்டிப் பார்க்க முடியாது. ஆக, தெளிவான படம் வேண்டுமென்றால் எல்லோரும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் படத்தைத்தான் எடுக்கிறார்கள். ரப்பர் இலை உதிர்ப்பது எப்போது? அதே டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள். வானம் தெளிகிற நேரத்தில் மரம் மொட்டையாக நிற்கிறது. அந்தப் படத்தில் என்டிவிஐ சரிந்து கிடக்கும், விஷயம் தெரியாதவர் பார்த்தால் ஆயிரக்கணக்கான ஏக்கர் மரம் போய்விட்டது என்று எழுதிவிடுவார். மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில் தளிர் வந்து எல்லாம் பளிச்சென்று ஆகியிருக்கும், அதைப் பார்த்து இன்னொருவர் காடு மீண்டுவிட்டது என்று எழுதுவார். தடியில் இருக்கும் கார்பன் இரண்டு படத்துக்கும் நடுவில் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது.

உதிர்வு எல்லா இடத்திலும் ஒரே நாளில் வருவதில்லை. ரகம், உயரம், அந்த வருட மழை எல்லாவற்றையும் பொறுத்து முன்பின்னாகும். எந்தப் பகுதியில் எப்போது தளிர் வந்தது என்று மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீக்காரர்களைக் கேளுங்கள். ரப்பர் தளிரின் இலைக்காம்பில் சுரக்கும் தேனை நம்பித்தான் அவர்கள் பெட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள், அவர்களுக்கு அந்த நாள் துல்லியமாகத் தெரியும். செயற்கைக்கோள் படத்தைச் சரிபார்க்க அதைவிட நல்ல தகவல் எனக்குத் தெரிந்து இல்லை.

இதில் பெரிய நன்மையும் உண்டு. கோதையாறு, சிற்றாறு பக்கம் பசுமைமாறாக் காடும் ரப்பரும் ஒட்டி ஒட்டிக் கிடக்கின்றன. செப்டம்பரில் மேகம் விலகி ஒரு படம் கிடைத்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. இலையுதிர் வாரத்துப் படத்தையும் தளிர் வந்த பிறகு எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டிலும் பச்சையாக இருப்பது காடு, ஒன்றில் மங்கி இன்னொன்றில் பளிச்சிடுவது ரப்பர். எது காடு எது தோட்டம் என்று தெரியாமல் கார்பன் வரைபடம் போடுவதில் அர்த்தமே இல்லை, ஏனென்றால் இரண்டுக்கும் சூத்திரமும் வேறு, ஆயுளும் வேறு. நம் ஊரில் முதலில் செய்ய வேண்டிய வேலை இந்தப் பிரிப்புதான்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையில் பூஞ்சை வகை நோயால் ரப்பர் இலை கொட்டுவது தனி. அதையும் மரம் வெட்டியதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ரேடார் என்றால் மேகப் பிரச்சினை இல்லையே? நிசார் வந்ததும் எல்லாம் தீர்ந்துவிட்டதா?

மேகப் பிரச்சினை தீர்ந்தது, உண்மை. ரேடார் அலை மேகத்தைத் தாண்டும், இரவிலும் வேலை செய்யும். அலையின் நீளத்தைப் பொறுத்து எவ்வளவு ஆழம் போகும் என்பது மாறுகிறது. சென்டினல்-1 அனுப்பும் அலை 5, 6 சென்டிமீட்டர் நீளம், மேல் இலையிலும் சிறு கொப்பிலுமே பட்டுத் திரும்பிவிடும். நிசாரின் எல்-பேண்ட் அலை சுமார் 24 சென்டிமீட்டர், இலையைத் தாண்டிப் பெரிய கிளைக்கும் தடிக்கும் போகும். பயோமாஸின் பி-பேண்ட் அலை சுமார் 70 சென்டிமீட்டர், இந்த அலைநீளத்தில் விண்ணிலிருந்து காட்டைப் பார்க்கும் முதல் ரேடார் அதுதான். அடர்காட்டின் பெருந்தடிகளை அது உணரும்.

ஆனால் எல்-பேண்டுக்கும் ஓர் எல்லை உண்டு. ஹெக்டேருக்கு 100 முதல் 150 டன் உலர் எடை வந்ததும் அதுவும் நிறைந்துபோய் அதற்கு மேல் வித்தியாசம் காட்டாது. முற்றிய ரப்பர் தோட்டமும் மலைக்காடும் அந்த எல்லையைத் தாண்டக்கூடியவை. ஆகவே நிசாரின் பலம் இளந்தோட்டம், விளைகளில், அதாவது வீட்டுத் தோட்ட நிலங்களில், கலந்து நிற்கும் மரங்கள், ஆரல்வாய்மொழிப் பக்கத்து வறண்ட முள்காடு இவற்றில்தான். 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வருவதால் மரம் வெட்டியது, விழுந்தது போன்ற மாற்றங்களை மழைக்காலத்திலும் பிடித்துவிடலாம். கவனிக்க வேண்டியது ஈரம். நல்ல மழை பெய்த மறுநாள் எடுத்த படத்தில் மண்ணும் மரமும் நனைந்து சிக்னல் கூடும், அதைக் கார்பன் கூடியதாக எடுத்துவிடக் கூடாது.

நிசாரை ஏற்றிச் சென்றது ஜிஎஸ்எல்வி ராக்கெட். அதன் கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதிக்கிற இடம் நம் எல்லையை ஒட்டி, காவல்கிணறு தாண்டி மகேந்திரகிரியில் இருக்கிறது. நம் மலையைப் பார்க்கும் கண்ணுக்கு அந்த மலையடிவாரத்திலும் ஒரு பங்கு உண்டு என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

லேசர் வைத்து உயரம் அளக்கிறார்களாமே?

ஆமாம், ஜெடி என்ற கருவி. 2018 டிசம்பரில் அனுப்பி சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தினார்கள். கீழே லேசர் அடித்து, மர உச்சியிலிருந்து ஒருமுறையும் தரையிலிருந்து ஒருமுறையும் திரும்பி வரும் ஒளியின் நேர இடைவெளியை வைத்து உயரத்தையும் நடுவில் இலை, கிளை எப்படி அடுக்கியிருக்கிறது என்பதையும் சொல்லும். சமநிலத்தில் பிரமாதம். ஒவ்வொரு அடியும் 25 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம், இடையிடையே பெரிய இடைவெளி, ஆக இது முழுப்படம் தராது, புள்ளி புள்ளியாகத்தான் தரும். அந்தப் புள்ளிகளைப் பிடித்து சென்டினல் படத்தோடு சேர்த்து இடைவெளியை நிரப்புகிறார்கள். செங்குத்தான மலைச்சரிவில் ஒரே வட்டத்துக்குள் தரையே பத்து மீட்டர் ஏறி இறங்கும் என்பதால் உயரம் தப்பாக வரும். காளிகேசத்துக்கு மேலே எடுத்த புள்ளிகளை நம்புவதற்கு முன் சரிவைப் பாருங்கள்.

என் விளை 40 சென்ட்தான். அது படத்தில் தெரியுமா?

இது நல்ல கேள்வி, ஏனென்றால் வெளியூர் ஆட்கள் எழுதுகிற விளக்கமெல்லாம் ஹெக்டேரில் இருக்கிறது, நம் ஊரில் நிலம் சென்ட்டில் இருக்கிறது. மாற்றிச் சொல்கிறேன். ஒரு ஹெக்டேர் என்பது 247 சென்ட். சென்டினல்-2 படத்தின் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அது கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். உங்கள் 40 சென்ட்டில் 16 கட்டம் விழும், ஓரத்துக் கட்டங்களில் பக்கத்து விளையும் கலந்துவிடும். லேண்ட்சாட் கட்டம் 30 மீட்டர், 22 சென்ட். அதில் உங்கள் விளை இரண்டு கட்டத்துக்குள் முடிந்துபோகும். ஜெடி வட்டம் 12 சென்ட். பயோமாஸ் தரப்போகும் எடை வரைபடத்தின் கட்டம் 200 மீட்டர், கிட்டத்தட்ட 10 ஏக்கர்.

10 ஏக்கருக்கு ஓர் எண் என்றால் கருங்கல் பக்கத்தில் அதற்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று யோசியுங்கள். பத்திருபது வீடு, ஒரு குளம், தென்னை, இடையில் மரச்சீனி, வேலியோரம் அயனி, பலா, புளி, அதில் ஏறிய நல்லமிளகு, ஒரு மூலையில் ரப்பர். எல்லாவற்றையும் கலக்கி வரும் சராசரியை வைத்து ஒரு தனி விளையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. மாவட்டத்துக்கோ ஒரு தாலுகாவுக்கோ சொல்லலாம், தனி ஆளின் நிலத்துக்குச் செயற்கைக்கோளை மட்டும் வைத்துக் கார்பன் சர்டிபிகேட் யாராவது தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

தென்னை, வாழை, பனைக்கு என்ன கணக்கு?

மேலே சொன்ன சூத்திரம் இவற்றுக்குச் செல்லாது. தென்னையும் பனையும் வருடா வருடம் தடி பெருப்பதில்லை, உயரம்தான் கூடுகிறது. அதனால் அவற்றுக்கு உயரத்தை அடிப்படையாக வைத்த தனிச் சூத்திரங்கள் இருக்கின்றன. வாழை முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர், படத்தில் கொழுத்த பச்சையாகத் தெரிந்தாலும் கார்பன் கணக்கில் சொற்பம். ரப்பருக்கும் கூடப் பொதுச் சூத்திரத்தைவிட ரப்பர் மரங்களை வெட்டி எடை போட்டு உண்டாக்கிய சூத்திரமே மேல், ஏனென்றால் பால் வெட்டும் மரம் வெட்டாத மரத்தைவிட மெதுவாகப் பெருக்கும்.

மலைக்காட்டில் ஏற்கெனவே அளந்திருப்பார்கள்தானே? நாம் ஏன் போக வேண்டும்?

நம் மலைக்காடு கன்னியாகுமரி வனஉயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கடலோரத்திலிருந்து அதிகத் தூரமில்லாமல் முள்காடு, இலையுதிர்காடு, பசுமைமாறாக் காடு, அதற்கு மேலே முத்துக்குழிவயல் பக்கம் புல்வெளியும் சோலையும் என்று இத்தனை வகை அடுக்கி இருக்கும் இடம் குறைவு. வகைக்கு வகை தடியின் அடர்த்தி மாறும். உலக அளவிலான கணக்கீட்டு மாதிரிகள் வேறு கண்டத்துக் காடுகளில் பழகியவை, அவற்றுக்கு ஒரு குணம் உண்டு: குறைவான எடையுள்ள இடத்தைக் கூட்டிச் சொல்லும், மிக அதிகமான இடத்தைக் குறைத்துச் சொல்லும். அதன்படி பார்த்தால் ஆரல்வாய்மொழி முள்காட்டுக்குக் கிடைக்க வேண்டியதைவிட அதிகமும், பெருமரக் காட்டுக்குக் குறைவும் எழுதப்படும். பழைய காட்டின் மதிப்பைக் குறைத்துக் காட்டும் ஒரு வரைபடம் அந்தக் காட்டுக்குச் செய்யும் கெடுதல் சின்னதல்ல. அதைத் திருத்த ஒரே வழி நம் காட்டில் நாமே அளவு எடுப்பதுதான்.

அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். கூட வருவதற்குக் காணிப் பழங்குடி மக்களில் ஒருவர் இருந்தால் பட்டையைப் பார்த்தே மரத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். பெயர் தெரிந்தால்தான் அடர்த்தி தெரியும், அடர்த்தி தெரிந்தால்தான் எடை. அந்த அறிவுக்கு உரிய கூலியும் அறிக்கையில் உரிய இடமும் கொடுங்கள், இதை நான் வேண்டுகோளாகவே கேட்கிறேன்.

அரசு அறிக்கையில் காட்டுப் பரப்பு என்று வருவதில் நம் ரப்பரும் சேர்த்தியா?

சேரும். இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 சதவீதத்துக்கு மேல் மர மூடாக்கும் இருந்தால், நிலம் யாருடையதானாலும், மரம் எதுவானாலும் அது காட்டுப் பரப்பு. தென்னந்தோப்பும் ரப்பரும் அதில் அடங்கும். தவறு என்று சொல்ல மாட்டேன், வரையறையை அவர்கள் வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். ஆனால் நம் மாவட்டத்தைப் போல ரப்பரும் தென்னையும் நிறைந்த இடத்தில் அந்த எண்ணை அப்படியே எடுத்து “இவ்வளவு காடு” என்று பேசினால் மலையில் நடப்பது மறைந்துபோகும்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. லேண்ட்சாட் படங்களை வைத்து 2000 முதல் மர இழப்பைக் காட்டும் உலக வரைபடத்தில், முற்றிய ரப்பரை வெட்டி மறுநடவு செய்தால் அதுவும் சிவப்பாகக் காடு இழப்பு மாதிரியே வரும்.

ஒக்கிப் புயலில் எவ்வளவு போனது என்று படத்தில் பார்க்கலாமா?

பார்க்கலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி கடந்தபோது முறிந்த ரப்பரையும் சாய்ந்த வாழையையும் நம்மில் பலர் மறக்க மாட்டோம், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை எந்தக் காலத்திலும் மறக்க மாட்டோம். படத்தில் ஒப்பிடும்போது நவம்பர் படத்தையும் அடுத்த ஜனவரி படத்தையும் வைத்தீர்கள் என்றால், இலையுதிர்வும் புயல் சேதமும் ஒன்றாகக் கலந்துவிடும். 2017 மார்ச் கடைசியையும் 2018 மார்ச் கடைசியையும் வையுங்கள், இரண்டிலும் தளிர் வந்து முடிந்திருக்கும், இல்லாத மரம் மட்டும் இல்லாததாகத் தெரியும். சென்டினல்-1 ரேடார் படங்களும் அந்தக் காலத்துக்கு இருக்கின்றன.

மண்ணில் உள்ள கார்பன்?

செயற்கைக்கோளுக்குத் தெரியாது. மரத்தடி மண்ணை அது பார்க்கவே முடியாது. இந்தியக் காடுகளில் உள்ள மொத்தக் கார்பனில் பாதிக்கு மேல் மண்ணில்தான் இருக்கிறது, அதற்கு மண்ணைத் தோண்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை. வேரைக்கூடத் தரைமேல் எடையில் கால் பங்கு என்பது போல ஒரு விகிதம் போட்டுத்தான் சேர்க்கிறோம்.

ரப்பர் தோட்டத்துக்குக் கார்பன் பணம் வருமா?

“அண்ணே, பதிவு பண்ணினா ஏக்கருக்கு இத்தனை ஆயிரம் தருவாங்களாம்” என்று கேட்பவர்களுக்கு: முதலில் பணம் கட்டாதீர்கள்.

கார்பன் கிரெடிட் (கூடுதலாகச் சேர்ந்த கார்பனுக்குத் தரும், விற்கக்கூடிய சான்று) என்பது மரம் நிற்பதற்குக் கொடுக்கும் பணம் இல்லை. அந்தத் திட்டம் இல்லாவிட்டால் நடந்திருக்காத ஒன்று நடந்திருக்க வேண்டும், கூடுதலாகச் சேர்ந்த கார்பன் பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்க வேண்டும், அதை மூன்றாம் ஆள் ஒருவர் வந்து சரிபார்க்க வேண்டும். பாலுக்காக எப்படியும் வைத்திருக்கப் போகும் தோட்டம் முதல் நிபந்தனையிலேயே தடுமாறும். 25, 30 வருடத்தில் வெட்டி மறுநடவு செய்கிறோம் என்பதால் இரண்டாவதிலும் சிக்கல், வெட்டிய தடியில் பெரும்பங்கு விறகாகவோ பேக்கிங் பெட்டியாகவோ போய்விட்டால் கார்பனும் சீக்கிரமே காற்றுக்குத் திரும்பிவிடும். தரிசாகக் கிடந்த நிலத்தில் புதிதாகப் பலவகை மரம் வைத்து, பல விவசாயிகள் ஒன்றாகச் சேர்ந்து, நீண்ட காலத்துக்கு ஒப்பந்தம் போடும்போது வாய்ப்பு உண்டு. அப்படி யாராவது வந்தால் ஒப்பந்தம் எத்தனை வருடம், நடுவில் புயலடித்து மரம் போனால் யார் பொறுப்பு, தரையளவை யார் செலவில், விற்ற விலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். தமிழில் எழுதிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

ஐரோப்பாவுக்குப் போகும் ரப்பருக்கு இடத்தைக் காட்ட வேண்டும் என்கிறார்களே, அதுவும் இதுதானா?

தொடர்பு உண்டு, ஆனால் அது கார்பன் கணக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டத்தில் உள்ள ஏழு பொருள்களில் ரப்பரும் ஒன்று. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்ததாக இருக்கக் கூடாது என்பது விதி. 4 ஹெக்டேர் வரையான நிலத்துக்கு ஒரு ஜிபிஎஸ் புள்ளி போதும், அதற்கு மேல் எல்லை வரைந்து காட்ட வேண்டும். சட்டம் அமலாகும் தேதி தள்ளிப்போனாலும் புள்ளியை எடுத்து வைப்பதில் நஷ்டம் இல்லை. அந்தச் சட்டப்படி ரப்பர் தோட்டம் காடு ஆகாது, அதனால் மறுநடவுக்கு வெட்டுவது காடழிப்பு ஆகாது. ஆனால் வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் உங்கள் பழைய ரப்பரைக் காடு என்று எடுத்துவிடக்கூடும். தோட்டத்தின் பழைய படம், மறுநடவு மானியத் தாள், பால் விற்ற ரசீது என்று வயதைக் காட்டும் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்க முடியுமா?

முடியும். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம், சென்டினல் படங்கள் தொடக்கத்திலிருந்தே இலவசம். கோப்பர்நிக்கஸ் பிரவுசரில் கணக்கு தொடங்கி, பேச்சிப்பாறை அணையைத் தேடி, அங்கிருந்து உங்கள் ஊருக்கு நகருங்கள். இஸ்ரோவின் புவன் தளத்திலும் பார்க்கலாம். அதற்குமேல் கணக்குப் போட வேண்டுமென்றால் க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும், சாதாரண லேப்டாப்பில் ஓடும்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இது: ஜனவரி தொடக்கம் முதல் மார்ச் கடைசி வரை மேகமில்லாத சென்டினல்-2 படங்களை வரிசையாக இறக்குங்கள், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ரப்பர் தோட்டம், ஒரு தென்னந்தோப்பு, ஒரு வயல், கொஞ்சம் காடு நான்கிலும் என்டிவிஐ எப்படி ஏறி இறங்குகிறது என்று தாளில் வரைந்து பாருங்கள். அப்புறம் அந்த ரப்பர் தோட்டத்துக்கு டேப்போடு போய், 20 மீட்டருக்கு 20 மீட்டர் கயிறு கட்டி, உள்ளே நிற்கும் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் எழுதுங்கள். அந்தக் கயிற்றுக்குள் கிட்டத்தட்ட 10 சென்ட் அடங்கும். போவதற்கு முன் தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு, பால் வெட்டி முடிந்து சிரட்டையில் பால் எடுத்த பிறகு, மதியத்துக்கு மேல் போங்கள். வெட்டுப்பட்டையில் டேப் உரசாமல், அந்தக் காயத்துக்கு மேலே நல்ல பட்டை உள்ள இடத்தில் சுற்றி எடுங்கள், எந்த உயரத்தில் எடுத்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.